சாவி திருப்பும் நேரம்

போன வாரம் பொழிச்சலூரில் ஒரு கார் பார்க்கப் போயிருந்தேன். எனக்கு வாங்குவதற்கு அல்ல. பழைய கார் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்காக முன்னால் போய், வண்டியைத் தட்டி, முகர்ந்து, ஓட்டிப் பார்த்து, வாங்கலாம், வேண்டாம் என்று சொல்வதுதான் இப்போது என் வேலை. விற்பவர் வண்டியைக் கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்து வைத்திருந்தார். டயருக்குக்கூடப் பாலிஷ். உள்ளே மல்லிகை வாசனைக் குப்பி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. "சிங்கிள் ஓனர் சார். டாக்டர் வண்டி" என்றார். தாம்பரம் வட்டாரத்தில் விற்பனைக்கு வரும் கார்களில் முக்கால்வாசி டாக்டர் வண்டிதான். அத்தனை டாக்டர்களும் எங்கே உட்கார்ந்து வைத்தியம் பார்க்கிறார்களோ, அவசரத்துக்கு எனக்கு ஒருவரும் அகப்பட்டதில்லை.

வழக்கம்போல டிரைவர் சீட்டின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். மார்பு வரைக்கும் அல்ல, கடைசி வரைக்கும். உங்களுக்கும் ஒருநாள் உதவும் என்பதால் சொல்லி வைக்கிறேன். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவிக் காயவைத்து, சீட் துணியை மாற்றி, கார்ப்பெட்டையும் மாற்றிவிடுவார்கள். பெல்ட்டின் கடைசி முழத்தை மட்டும் யாரும் வெளியே இழுத்துக் கழுவுவதில்லை. அது உள்ளேயே சுருண்டு கிடக்கும், தண்ணீர் எதுவரை ஏறியது என்பதற்கான பழுப்புக் கறையோடு. பொழிச்சலூர் வண்டியிலும் அந்தக் கறை இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். மல்லிகைக்கு அடியிலிருந்து அந்த வாசனை எழுந்து வந்தது. சேறும் ஏரித் தண்ணீரும் ஊறி, காய்ந்தும் காயாமல் இருக்கும் வாசனை. பெல்ட்டை விடாமல் பிடித்தபடி நின்றுவிட்டேன். குட்டு உடைந்ததால் நான் முறைக்கிறேன் என்று விற்பவர் நினைத்திருக்க வேண்டும். "கொஞ்சமா நின்னுச்சு சார், டயர் மட்டும்" என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அவர் ஞாபகமே இல்லை. நான் பெருங்களத்தூர் மேம்பாலத்தின் இறக்கத்தில், செத்துப்போன ஒரு காருக்குள், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீடு பீர்க்கன்கரணையில், ஏரியை ஒட்டிய தெருவில் இருக்கிறது. அப்பா கொத்தனார். அம்மா, அப்பா இரண்டு வழியிலும் காலேஜ் வரைக்கும் போன முதல் ஆள் நான்தான். படித்தது பி.காம். ஆனால் அப்பாவின் கணக்கில் படித்தவன் என்றால் படித்தவன், அதில் பிரிவெல்லாம் கிடையாது. ரேஷன் கார்டில் பேர் திருத்துவதும் என் வேலை, மாத்திரை அட்டையில் இருப்பதைப் படித்துச் சொல்வதும் என் வேலை, பக்கத்து வீட்டு மிக்ஸி ஏன் சுற்றவில்லை என்று சொல்வதும் என் வேலை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்கே எனக்கு ஆயுள் போதாது என்று பயமாக இருக்கும்.

கார் பைத்தியம் மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்காமல் வந்தது. பொத்தேரிக்குப் படிக்கப் போகும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, ஜி.எஸ்.டி. ரோட்டில் தாண்டிப் போகும் காரின் பேரை அதன் சத்தத்தை வைத்தே சொல்வேன். பெண்கள் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் உரக்கச் சொல்வேன். ஒருத்தியும் திரும்பிப் பார்த்ததில்லை. கண்டக்டர் ஒருமுறை, "தம்பி, நீ சொல்றது சரிதான், ஆனா டிக்கெட் எடு" என்றார்.

அந்த நாளிலிருந்தே எனக்குப் பழைய வண்டிகள் பக்கம்தான் சாய்வு. புது வண்டி மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புது வண்டி கெட்டுப்போகும்போது மஞ்சளாக ஒரு விளக்கைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் அதனோடு பேசுவதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும். பழைய வண்டி ஒரு மாதம் முன்பிருந்தே முனகத் தொடங்கும். பெல்ட் கீச்சிடும், கிளட்ச் நாறும், ஸ்டீயரிங் நடுங்கும். கெடவே கெடாத வண்டியைத்தான் நம்பகமான வண்டி என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கெடுவதற்கு முன்னால் நம்மிடம் சொல்லிவிட்டுக் கெடுகிற வண்டிதான் என் அகராதியில் நம்பகமான வண்டி. இந்தத் தத்துவத்தை டீக்கடையில் நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அப்போது என்னிடம் சைக்கிள்கூடக் கிடையாது.

நான் வேலைக்குப் போன புதிதில் அப்பாவின் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. அவை எதையும் சொல்லிவிட்டுக் கெடவில்லை. அல்லது அவர் எங்களிடம் சொல்லவில்லை. செவ்வாயும் வெள்ளியும் காலையில் குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்றானது. ஒருமுறை தவறினாலும் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், நெஞ்சுக்கு ஏறும், மூச்சு முட்டும் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். படித்தவனிடம்தானே சொல்ல முடியும். நான் அதைப் பாதியாகக் குறைத்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அதைப் பாதியாகக் குறைத்து அப்பாவிடம் சொன்னாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அம்மா ஒரு பாட்டிலில் ஊற்றி வைப்பாள். வெயிலில் சாரத்தின் மேல் நின்று சொம்பு சொம்பாகக் குடித்த மனிதர், மூடியில் ஊற்றி நாக்கை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஆட்டோக்காரர்கள் எங்கள் தெருவைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். அதனால்தான் கார். அதுவும் பழைய கார்தான் எங்களுக்கு எட்டியது. என் தத்துவத்துக்கும் எங்கள் நிலைமைக்கும் இருந்த பொருத்தத்தை நினைத்து நானே வியந்திருக்கிறேன்.

சேலையூரில் ரிட்டயர் ஆன ஒருவரிடம் வாங்கினோம். போனதும் பானட்டின் மேல் கை வைத்தேன். இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வண்டி பார்க்கப் போனால் வணக்கம் சொல்வதற்கு முன்னால் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து தயாராக வைத்திருக்கிறார்கள், காலைக் குளிரில் அது எழுந்திருக்காது என்று அர்த்தம். அந்த வண்டி ஜில்லென்று இருந்தது. பெட்ரோல் வண்டி, வெள்ளை நிறம், என்னைவிடச் சில வயதே இளையது. கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன். இன்னமும் அதை வைத்திருப்பவர்கள் அதன்மேல் ஒரு சொல் பொறுக்க மாட்டார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன்.

தெருவில் அதை முதலில் பார்த்தவர் தனசேகர் அண்ணன். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காலத்தில் அவர்கள் குடும்பத்துக்குத்தான் எங்கள் தெருவே சொந்தம். இப்போது அந்த வயல்களெல்லாம் வாடகை வீடுகள். அவரிடம் கியர் போடத் தேவையில்லாத, சாவி நுழைக்கத் தேவையில்லாத, மலை மாதிரியான புது வண்டி இருந்தது. அவர் எங்கள் காரை ஒரு சுற்று சுற்றி வந்து, "இன்னா தம்பி, மியூசியத்துல நைட்டு காவலுக்கு ஆளில்லியா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வண்டிக்கு மியூசியம் என்று பேர்.

மியூசியத்துக்கு ஒரே ஒரு குறை. ஓடத் தொடங்கிவிட்டால் மதுரை வரைக்கும் நிற்காமல் போகும், ஓடத் தொடங்குவதுதான் கஷ்டம். வாங்கிய சில வாரங்களில் ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பா உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகு அது எழுந்திருக்கவில்லை. அவர் இறங்கி, வெயிலில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அன்றோடு அம்மா ஒரு சட்டம் போட்டாள். என்ஜின் சத்தம் வரும்வரை யாரும் வண்டியில் ஏறக்கூடாது. சத்தம் வரும்வரை யாரும் பேசவும் கூடாது. முதல் பாதிக்குக் காரணம் இருக்கிறது. இரண்டாவது பாதி எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் மூன்று பேரும் கடைப்பிடித்தோம்.

அந்தக் காலை நேரங்கள் எல்லாமே ஒரே மாதிரிதான். நான் மட்டும் டிரைவர் சீட்டில். அப்பா வாசற்படியில், மடியில் பிளாஸ்க்கும் துண்டும் இருக்கும் கூடை. அம்மா கேட்டைப் பிடித்தபடி. ஒருநாள் அப்பா பொறுக்காமல், "இன்னாடா, கெளம்புமா கெளம்பாதா?" என்று கேட்டுவிட்டார். "சும்மா இருய்யா, சத்தம் வரட்டும்" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பரீட்சை ரிசல்ட் பார்க்கும்போது செய்கிற மாதிரி நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு சாவியைத் திருப்புவேன். அப்படிக் கண்ணை மூடுவது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். முதல் திருப்பில் இருமும். இரண்டாவதில் உறுமி அணையும். அதற்கப்புறம் அது பிடித்துக்கொள்ளும்போது அம்மா ஒரு பெருமூச்சு விடுவாள். "ம், ஏறு" என்பாள். உடனே அவளுக்குப் பேச்சு வந்துவிடும். குரோம்பேட்டை வரைக்கும் நிறுத்த மாட்டாள்.

பயம் பழகிவிடும் என்பார்கள். எனக்கு அது பழகவில்லை. திங்கட்கிழமை சாயங்காலமே ஆரம்பித்துவிடும். ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு பேட்டரியை நினைப்பேன். டீக்கடையில் யாராவது, "நீ சொல்லு, பழசு நல்லதா புதுசு நல்லதா?" என்றால் வாய் என்னவோ பழசு என்று சொல்லும். காது மட்டும் மறுநாள் காலையின் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மழை வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. புயல் சின்னம் என்று டிவியில் சொன்னாலே ஆட்கள் மொட்டை மாடிக்கும் கார்கள் மேம்பாலத்துக்கும் ஏறிவிடும். பாலத்தின் ஒரு ஓரமாக வரிசையாக நிறுத்திவிட்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவார்கள். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஒருமுறை காரைத் தண்ணீரில் விட்டவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அது ஒரு திங்கட்கிழமை. இரவெல்லாம் பெய்து காலையில் ஏரி கரை தளும்பி நின்றது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் வெளியேறுங்கள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். தெருவில் ஒவ்வொரு காராகக் கிளம்பியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. மறுநாள் செவ்வாய். வண்டியை வாசலில் விட்டால் மூழ்கிவிடும். பாலத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், இடுப்பளவுத் தண்ணீரில் அப்பாவைப் பாலம் வரைக்கும் எப்படிக் கொண்டுபோவது?

அப்பாதான் சொன்னார். "வண்டி எங்க போவுதோ அங்கியே நானும் வரேன். அத வுட்டா எனக்கு ஏது வழி?"

அம்மா வீட்டைப் பூட்டினாள். என்ஜின் சத்தம் வரும்வரை பேசாமல் நின்று, வந்ததும் ஏறிக்கொண்டாள். நேராகக் குரோம்பேட்டைக்கே போய்விடலாம் என்றுதான் புறப்பட்டோம். இரும்புலியூரில் ரோட்டுக்குக் குறுக்கே ஆறு மாதிரி தண்ணீர். போலீஸ்காரர் தடியைக் குறுக்கே நீட்டி எல்லோரையும் திருப்பிவிட்டார். வேறு போக்கிடம் இல்லாமல் நாங்களும் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் ஏறினோம்.

மேலே ஏற்கெனவே பாதி பாலம் நிறைந்திருந்தது. இறக்கம் தொடங்குகிற இடத்தில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. எங்களுக்குப் பின்னால் தனசேகர் அண்ணனின் வண்டி. மற்றவர்கள் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள், அவருக்கு மட்டும் தன் புது வண்டியை விட்டுப் போக மனம் வரவில்லை. எங்களைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கி, "மியூசியத்தையும் மேல ஏத்திட்டியா? அது மெதந்துகினே குரோம்பேட்டை போயிருக்குமே" என்றார். அப்பா அன்று முழுவதும் சிரித்தது அதற்கு மட்டும்தான். அண்ணன் நல்ல மனிதர். பாலத்தில் நடமாடியவர்கள் எல்லோருடைய போனையும் வாங்கித் தன் வண்டியில் சார்ஜ் போட்டுக் கொடுத்தார். எங்களுக்கும் எலுமிச்சம்பழச் சோறு ஒரு பொட்டலம் வந்தது. உப்பு என்று அப்பாவுக்கு அம்மா தரவில்லை.

இருட்டியதும் மழை வலுத்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அப்பாவுக்குப் படுக்க முடியவில்லை, சாய்ந்தால் மூச்சு முட்டியது. முன்சீட்டில் நிமிர்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். வண்டிக்குள் இருக்கும் சின்ன விளக்கை அம்மா அணைக்க விடவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து அந்த வெளிச்சத்தில் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பேட்டரி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த விளக்கை அணைக்கச் சொல்லும் தைரியம் எந்தப் பிள்ளைக்கு வரும்? கூரை மேல் மழை, உள்ளே அவருடைய மூச்சு, இரண்டையும் கேட்டுக்கொண்டே கிடந்தேன். கார்ப்பெட்டில் எங்கிருந்தோ ஈரம் ஊறி அந்த வாசனை எழும்பியது. அப்பா ஒருமுறை, "ஊரெல்லாம் தண்ணி, எனக்கு ஒரு வாய் இல்ல" என்றார். அம்மா பாட்டில் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. தாம்பரத்திலிருந்து வந்த பால் வண்டிக்காரர் ஒருவர், இரும்புலியூரில் தண்ணீர் வடிந்துவிட்டது, கார் போகலாம் என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போனார். அப்பாவுக்கு முகம் வீங்கி, கண் இடுங்கி, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே மூச்சிரைத்தது. அம்மா இறங்கி வெளியே நின்றுகொண்டாள். அவரையும் இறங்கச் சொல்லிக் கதவைத் திறந்தாள், சட்டம் சட்டம்தானே.

"நா எறங்க மாட்டேன். எறங்குனா திரும்ப ஏற முடியாது" என்றார்.

அம்மா கதவைச் சாத்தினாள். நான் கண்ணை மூடிச் சாவியைத் திருப்பினேன். இருமல்கூட இல்லை. டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி டக். டேஷ்போர்டில் இருந்த கொஞ்ச வெளிச்சமும் மங்கியது. கண்ணைத் திறந்தால் வெளியே அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

தனசேகர் அண்ணன் ஓடி வந்தார். "என் வண்டில ஏத்து அவர. நா வுட்டுட்டு வரேன்" என்றார். போய்த் தன் வண்டியின் பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. ராத்திரி முழுக்கப் பாட்டும் விளக்கும் ஊருக்கெல்லாம் சார்ஜுமாக இருந்ததில் அதன் பேட்டரியும் போய்விட்டிருந்தது. அவ்வளவு பெரிய வண்டி, கரண்ட் போன டிவி மாதிரி நின்றது. அவர் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றால் செல்போன் சிக்னல் ராத்திரியே போயிருந்தது. வரிசையில் நின்ற மற்ற கார்களில் ஆளில்லை.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. அது எங்கள் வண்டிக்கு மட்டும் இருந்த வழி. கியர் வண்டி, பழைய வண்டி. செகண்ட் கியரில் வைத்து, கிளட்சை அழுத்திக்கொண்டு தள்ளிவிட்டு, உருளும்போது கிளட்சை விட்டால் சக்கரமே என்ஜினைச் சுற்றி எழுப்பிவிடும். அண்ணனின் வண்டியை அப்படி எழுப்ப முடியாது. எங்களுக்கு முன்னால் நல்ல இறக்கமும் இருந்தது.

அந்த இறக்கம்தான் பயம். கீழே பாலம் முடிகிற இடத்தில் தாம்பரம் பக்கம் திரும்பினால் மேடான ரோடு. திரும்பாமல் நேரே போனால் சர்வீஸ் ரோட்டுப் பள்ளம், அதில் ஒரு ஆட்டோவின் கூரை மட்டும் வெளியே தெரிந்தது. என்ஜின் ஓடாத காரில் பிரேக் சரியாகப் பிடிக்காது, மிதித்தால் கட்டையை மிதிக்கிற மாதிரி இருக்கும். போதாக்குறைக்கு ஈர ரோடு. என்ஜின் எழுந்திருக்காவிட்டால், மூச்சுக்குத் திணறும் மனிதரோடு நான் தண்ணீருக்குள் போவேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தனசேகர் அண்ணனுக்குச் சொல்லாமலே தெரிந்தது. என் முகத்தைப் பார்த்து, "வேணாம்னா வேணாம் தம்பி" என்றார்.

அப்பாவின் விரல்கள் என் முழங்கையைத் தொட்டன. பேசத் தெம்பில்லை, தலையை மட்டும் முன்பக்கம் ஆட்டினார். போ.

அண்ணனும் அம்மாவும், பாலத்தில் படுத்திருந்த ஓர் இட்லிக் கடைக்காரரும் பின்னால் கை வைத்தார்கள். யாரும் ஏலேலோ பாடவில்லை, யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி அசைந்தது, உருண்டது, அவர்கள் கையை விட்டு நழுவியது. என்ஜின் இல்லாத கார் இறங்கும் சத்தம் உங்களுக்குத் தெரியுமா? சத்தமே இருக்காது. டயருக்கடியில் தண்ணீர் சீறுவது மட்டும் கேட்கும். வேகம் கூடியதும் கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்கல் குலுக்கி, அப்பாவின் தலையை முன்னால் தள்ளி, மறுபடி ஊமையானது. கிளட்சை அழுத்தி மறுபடி உருளவிட்டேன். பாதி இறக்கம் போய்விட்டது. ஆட்டோவின் மஞ்சள் கூரை பெரிதாகிக்கொண்டே வந்தது.

அப்போது அப்பா பேசினார். சத்தம் வருவதற்கு முன்னால் பேசக்கூடாது என்ற சட்டத்தை மீறி, இளைப்புக்கு நடுவே, ஆனால் தெளிவாகச் சொன்னார்.

"டேய். கண்ணத் தொறந்துகினு ஓட்டு."

அப்போதுதான், அடுத்த முறை கிளட்சை விடப் போகும்போது கண்ணை மூடிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. இத்தனை நாளும் வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். கண்ணைத் திறந்தேன். கிளட்சை விட்டேன். வண்டி உதறியது, பின்னால் எதுவோ வெடித்த மாதிரி கேட்டது, கறுப்பாக ஒரு புகை. பிடித்துக்கொண்டது. முன் டயர்கள் தண்ணீரைத் தொட்டுத் தெறிக்கவிட்ட இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். மேட்டில் ஏறி நின்றேன், நின்றும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால், புடவையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு அம்மா பாலத்திலிருந்து ஓடி வருகிறாள். அவளுக்குப் பின்னால் தனசேகர் அண்ணன் உடம்பெல்லாம் சேறாக, இரண்டு கையையும் ஆட்டி, போ போ என்கிறார். அம்மா ஏறிக் கதவை அடைத்தாள். அன்று அவளுக்குப் பேச்சு வரவில்லை. குரோம்பேட்டை வரைக்கும் அப்பாவின் தோளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். நான் திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்துகொண்டேன், என்ஜினை அணைக்காமலே. அணைத்தால் மறுபடி எழுந்திருக்காது என்ற பயம். வாட்ச்மேன் வந்து, "ஆஃப் பண்ணுப்பா, பெட்ரோல் ஓசியா வருதா?" என்று திட்டினார். நகர்த்தி நிறுத்தினேன், அணைக்கவில்லை. மெஷினிலிருந்து எழுந்து வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "வண்டி ஓடிகினு கீதா?" என்பதுதான். ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

என் வேலையில் இன்று பலரும் கேட்கும் கேள்வி ஒன்று. சார், இந்த வண்டியோட மதிப்பு என்ன? நான் வருடம், கிலோமீட்டர், எஃப்.சி., டயர் எல்லாம் பார்த்து ஒன்று சொல்வேன். நியாயமாகத்தான் சொல்வேன். ஆனால் விற்கிறவர்கள் சிலர், விலையைக் கேட்டதும் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் வண்டியின் கூரையைத் தடவுவார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டது என்னவென்று நான் கேட்பதில்லை. பொழிச்சலூர் வண்டியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதன் சீட்டில் யாருடைய பிள்ளையாவது தன் அப்பாவை உட்காரவைக்கக்கூடும்.

அந்த மழைக்குப் பிறகு அப்பா இன்னும் கொஞ்ச காலம் இருந்தார். ஒரு வெயில்காலத்தில், ஆஸ்பத்திரியிலேயே, தூக்கத்தில் போய்விட்டார். வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அன்றுகூட அது அவரைச் சரியான நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. அதற்கப்புறம் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் வேலையில்லாமல் மியூசியம் வாசலில் நின்றது. தனசேகர் அண்ணன் மட்டும் போகும்போதும் வரும்போதும் அதன் பானட்டில் ஒரு தட்டு தட்டுவார். வாங்க வந்தவர் விவரமான ஆள். வந்ததும் பானட்டில் கை வைத்தார். ஜில்லென்று இருந்தது. பல வாரங்களாக எடுக்காத வண்டி. எழுந்திருக்காது, மானம் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டே சாவியைக் கொடுத்தேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. அதன் ஆயுளில் அப்படி நடந்தது அந்த ஒரு நாள்தான். வாசற்படியைத் திரும்பிப் பார்த்தேன். கூடை இல்லை, ஆளும் இல்லை.

போன மாதம் தனசேகர் அண்ணன் பெட்ரோலே வேண்டாத பேட்டரி கார் வாங்கினார். தெருவில் முதல் சவாரி எங்களுக்குத்தான் என்று பிடிவாதமாக அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டார். அம்மா வெளியிலேயே நிற்கப் பார்த்தாள். நான் கையைப் பிடித்துப் பின்சீட்டில் உட்காரவைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் பட்டனை அழுத்தினார். வண்டி பூனை மாதிரி நகர்ந்தது, தெருவைத் தாண்டியது, ஏரிக்கரையைத் தாண்டியது, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியது. அண்ணன் அது இது என்று பெருமை அடித்துக்கொண்டு வந்தார். அம்மா மட்டும் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு, உதட்டை மடித்துக்கொண்டு, முன்னால் காலியாக இருந்த சீட்டையே பார்த்தபடி வந்தாள். இரும்புலியூர் தாண்டியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, ஒண்ணுமே பேசாம வர?" என்றேன்.

அம்மா என் காதருகே குனிந்து மெல்லச் சொன்னாள்.

"சத்தம் இன்னும் வரலியேடா."